பழைய வீடு வாங்குவோரும் குடிபோவோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த வீட்டை விலைக்கு வாங்குவோர் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தரப்பட்டுள்ளன. விடைகளில் தண்ணீர் பற்றிய பேச்சு திரும்பத் திரும்ப வரும். கட்டடத்தைக் கெடுத்துப் பெருஞ்செலவு வைப்பது பெரும்பாலும் அதுதான் என்பதும், அது போன வழியெல்லாம் ஏதேனும் ஓர் அடையாளத்தை விட்டுச் செல்லும் என்பதும், பணம் கைமாறுவதற்கு முன்னரே அந்த அடையாளங்களைத் தேடிப் பார்க்க முடியும் என்பதும் அதற்குக் காரணம்.

வாங்க நினைக்கும் வீட்டை எத்தனை முறை பார்க்க வேண்டும்?

குறைந்தது இரண்டு முறை. முதல் முறை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டாம் முறை மழை பெய்யும்போதோ, மழை ஓய்ந்த மறுநாளோ பாருங்கள். வெயில் காலத்தில் மட்டும் பார்த்து வாங்கிய வீட்டின் கூரையைப் பற்றி உங்களுக்கு எதுவும் தெரியாது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். முடிந்தால் ஒரு முறை இரவிலும் சென்று, தெருவின் சத்தம், வெளிச்சம், வண்டி நிறுத்தும் இடம் ஆகியவற்றைக் கவனியுங்கள்.

பூட்டியிருந்த அறையைத் திறந்ததும் மூக்கில் ஏறும் முதல் வாடையைத் தவறவிடாதீர்கள். சில நிமிடங்களில் மூக்கு அதற்குப் பழகிவிடும். பூஞ்சை வாடை வந்தால் ஈரம் எங்கோ இருக்கிறது. வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தால் அது எதை மறைக்கிறது என்று கேளுங்கள். சுவரோடு ஒட்டிய அலமாரியைச் சற்று நகர்த்திக் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவு அல்ல. வாழ்நாள் சேமிப்பைக் கொடுப்பவருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.

புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் நல்ல அறிகுறிதானே?

வீடு முழுவதும் ஒரே சமயத்தில் அடித்திருந்தால் அதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. விற்பதற்கு முன் எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஒரு சுவருக்கு மட்டும், அல்லது மேற்கூரையின் ஒரு மூலைக்கு மட்டும் புதுப் பூச்சு இருந்தால் காரணம் கேட்க வேண்டும். டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சம் சுவரின் மேல் படுக்கையாக விழும்படி செய்யுங்கள். நேராகப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத உப்பல், கொப்புளம், பட்டி பார்த்த இடம் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். அந்த இடங்களை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். சுற்றியுள்ள சுவர் கெட்டியான ஒலி தர, அங்கு மட்டும் பொள்ளென்று கேட்டால் பூச்சு சுவரை விட்டுக் கழன்றிருக்கிறது.

சுவரில் ஓதம் தெரிகிறது. அதை எப்படிப் புரிந்துகொள்வது?

ஓதம் என்ற ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு கோளாறுகள் வழங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, தீர்வு வேறு, செலவும் வேறு. ஆகவே எது என்று தெரியாமல் யாரையும் வேலைக்கு அமர்த்தாதீர்கள்.

முதலாவது, தரையிலிருந்து ஏறும் ஓதம். செங்கல்லிலும் சாந்திலும் உள்ள நுண்துளைகள் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி மேலே இழுக்கின்றன. இது பொதுவாகத் தரையிலிருந்து ஏறத்தாழ 1 மீட்டர் உயரம் வரை ஒரு பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டையின் மேல் விளிம்பில் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருக்கும். விரலால் தடவினால் மாவாக ஒட்டும், அதன் கீழே பெயின்ட் பொரிந்து செதில் செதிலாக நிற்கும். அடித்தளத்தின் மேல் போட வேண்டிய ஓதத் தடுப்பு அடுக்கு இல்லாததோ, கெட்டுப்போனதோ, வெளியே மண்ணைக் கொட்டி அதன் மட்டத்துக்கு மேல் உயர்த்திவிட்டதோ காரணமாக இருக்கலாம். மூன்றாவது காரணம்தான் என்றால் வேலை எளிது: அந்த மண்ணை வெட்டி இறக்கினால் போதும்.

இரண்டாவது, வெளிச்சுவர் வழியாக மழைநீர் ஊடுருவுவது. மழைக்குப் பின் திட்டாகத் தோன்றி, காய்ந்ததும் மங்கும். ஜன்னலின் அடிப்பகுதி, சன்ஷேடு சுவரோடு சேரும் இடம், உடைந்த மழைநீர்க் குழாயின் பின்புறம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். மூன்றாவது, சுவருக்குள் புதைந்த குழாயின் கசிவு. இது மழைக்கும் வெயிலுக்கும் கட்டுப்படாமல் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் இருக்கும்.

நான்காவது, அறைக் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிவது. காற்றோட்டம் இல்லாத மூலைகளிலும் அலமாரிகளின் பின்புறத்திலும் கரும்பூஞ்சையாகத் தெரிவது இதுதான். இதை மற்றவற்றிலிருந்து பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு முழம் அளவு அலுமினியத் தாளை ஈரமான இடத்தில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் ஒட்டி, 1 அல்லது 2 நாள் விட்டுவிடுங்கள். பிறகு பிரித்துப் பார்க்கும்போது அறையை நோக்கிய பக்கம் ஈரமாக இருந்தால் அது காற்றின் ஈரம். சுவரை ஒட்டிய பக்கம் ஈரமாக இருந்தால் அது சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்னதற்கு ஜன்னலைத் திறப்பதும் சமையலறை, குளியலறைகளில் காற்று வெளியேற்றும் மின்விசிறி வைப்பதும் பெரும்பாலும் போதும்.

உள்பக்கம் நீர்த்தடுப்புப் பெயின்ட் அடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்வோரை நம்ப வேண்டாம். ஈரம் வரும் வழி திறந்தே இருக்கும்வரை அது வேறோர் இடத்தில் வெளிவரும், அல்லது சில மாதங்களில் அந்தப் பெயின்ட்டையே தள்ளிக்கொண்டு வரும்.

விரிசல்களில் எது சாதாரணம், எது ஆபத்து?

பூச்சு உலரும்போது சுருங்குவதால் வலைபோலப் படரும் மெல்லிய கீறல்கள் எல்லா வீட்டிலும் உண்டு. 1 மில்லிமீட்டருக்கும் குறைவான அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக விழும் விரிசலும், கூரைத் தளத்துக்குச் சற்றுக் கீழே படுக்கைவாக்கில் ஓடும் விரிசலும் பெரும்பாலும் இரு பொருள்கள் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிவதால் வருபவை.

கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, செங்கல் வரிகளைப் படிக்கட்டுபோல் ஏறிச் சென்று, ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் குறுகியும் இருக்கும் விரிசலைக் கண்டால் நின்று கவனிக்க வேண்டும். அடித்தளத்தின் ஒரு பகுதி மட்டும் இறங்கியிருக்கலாம் என்பதற்கு அது அறிகுறி. அதே சுவரின் மறுபக்கத்திலும் அதே இடத்தில் விரிசல் தெரிந்தாலோ, பக்கத்துக் கதவு சட்டத்தில் இடித்து மூட மறுத்தாலோ, தரையில் உருண்டைக் கோலி ஒரே பக்கம் ஓடினாலோ சந்தேகம் வலுக்கிறது. 5 மில்லிமீட்டரைத் தாண்டிய விரிசல், பீம் தூணோடு சேரும் முனைக்கு அருகே சாய்வாக விழுந்த விரிசல், மண்ணைத் தாங்கி நிற்கும் சுவரில் படுக்கையாக ஓடும் விரிசல் ஆகிய மூன்றையும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்த்துக் கருத்துச் சொல்லும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

விரிசலின் வயதையும் ஓரளவு கணிக்கலாம். உள்ளே தூசியும் பழைய பெயின்ட்டும் படிந்திருந்தால் அது முன்பே நகர்ந்து நின்றுவிட்டதாக இருக்கலாம். விளிம்புகள் கூர்மையாகவும் உள்ளே புதுச் சாந்தின் நிறமாகவும் இருந்தால் அண்மையில் விழுந்தது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், விரிசலின் இருபுறமும் ஒரு பென்சில் புள்ளி வைத்து, இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தையும் அன்றைய தேதியையும் சுவரிலேயே எழுதி வைத்து, 3 மாதத்துக்கு ஒரு முறை அளந்து வரலாம். ஈரக் காலமும் வறண்ட காலமும் முழுதாக ஒரு சுற்று வந்த பிறகும் அளவு மாறவில்லை என்றால் அது நகரவில்லை.

கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. பூசிவிட்டால் போதாதா?

போதாது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளேயுள்ள இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் காற்றிலுள்ள கரியமில வாயு மெதுவாக உள்ளிறங்கி அந்தக் காரத்தன்மையைக் குறைக்கிறது. கடல் உப்பு சேர்ந்தால் கேடு இன்னும் விரைவாக வரும். கம்பி துருப்பிடிக்கும்போது துரு மூல இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் மேலேயுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்து பிளந்து தள்ளுகிறது. நீங்கள் காண்பது அந்தப் பிளவைத்தான். கம்பியின் போக்கிலேயே நீளமாக ஓடும் பழுப்புக் கறை படிந்த விரிசல் இதன் முதல் அறிகுறி.

தளர்ந்த கான்கிரீட்டை முழுவதும் தட்டி எடுத்து, கம்பியைத் துருப் போகத் தேய்த்து, அதன் கனம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து, தேவையான இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, அதற்கென உள்ள சாந்தால் மூடுவதே முறையான பழுதுபார்ப்பு. சும்மா பூசினால் உள்ளே துரு தொடர்ந்து வளரும். பிறகு பெரிய துண்டாக, யார் தலையிலாவது விழும். சன்ஷேடு, பால்கனியின் அடிப்பகுதி, குளியலறைக்குக் கீழேயுள்ள கூரை, தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் தூண்கள் ஆகியவை முதலில் பாதிக்கப்படும் இடங்கள்.

மொட்டைமாடியில் எதைப் பார்க்க வேண்டும்?

மழை நின்று 48 மணி நேரத்துக்குப் பிறகும் தேங்கி நிற்கும் நீரை. வாட்டம் சரியில்லை அல்லது வடிகால் துளை அடைத்திருக்கிறது என்பது அதன் பொருள். கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலைகளில் விரிசலும் செடியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். செடி முளைத்திருக்கிறது என்றால் அதன் வேருக்கு ஈரம் கிடைத்திருக்கிறது. பழையதை எடுக்காமலே அதன் மேல் எத்தனை முறை புதுத் தளம் போட்டிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஒவ்வோர் அடுக்கும் கூரையின் மேல் நிரந்தரச் சுமை.

அடுக்குமாடியில் மேல்தளம் வாங்காதவர்களுக்கு, மேல்வீட்டுக் குளியலறைதான் மொட்டைமாடி. அதற்கு நேர் கீழேயுள்ள உங்கள் கூரையை அண்ணாந்து பாருங்கள்.

குழாய்களையும் கழிவுநீர்ப் பாதையையும் எப்படிச் சோதிப்பது?

வீட்டின் உயரமான இடத்திலுள்ள குழாயைத் திறந்து வைத்தபடியே கழிப்பறையின் ஃபிளஷ்ஷை இழுங்கள். குழாயில் தண்ணீர் மெலிந்து நூலாகிறதா என்று பாருங்கள். குளியலறைத் தரையில் ஒரு வாளி நீரைக் கவிழ்த்து, அது எங்கும் தேங்காமல் வடிகிறதா என்றும், வடியும்போது களகளவென்று காற்று இழுக்கும் சத்தம் வருகிறதா என்றும் கவனியுங்கள். அந்தச் சத்தம் கழிவுக் குழாய்க்குக் காற்றுப்போக்கி சரியில்லை அல்லது பாதி அடைப்பு இருக்கிறது என்று சொல்கிறது. வெளியேயுள்ள கழிவுநீர்ச் சேம்பரின் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே நீர் ஓடாமல் தேங்கி நின்றால் அடைப்பு அதற்கு அப்பால் இருக்கிறது.

மறைவான கசிவைக் கண்டுபிடிக்க மீட்டரே போதும். எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டி நிரம்பும் பாதையையும் அடைத்துவிட்டு, மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2 மணி நேரம் கழித்து எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. கழிப்பறை ஃபிளஷ் தொட்டியில் சில துளி உணவு நிறமியை விட்டு, அரை மணி நேரம் இழுக்காமல் இருந்தால், கோப்பையில் நிறம் இறங்குவதைக் கொண்டு அதன் கசிவும் தெரிந்துவிடும்.

நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டில் சாக்கடை நாற்றம் அடித்தால் அதற்காகவே வீட்டைத் தள்ளிவிட வேண்டாம். தரைவடிகாலின் வளைவில் நின்று நாற்றத்தைத் தடுக்கும் நீர் ஆவியாகிப் போயிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு செம்பு நீர் ஊற்றி, சிறிது நேரம் கழித்து மறுபடி முகர்ந்து பாருங்கள்.

மின் இணைப்பில் எவை முக்கியம்?

மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் கருவி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி; உயிர்ப் பாதுகாப்புக்கு அது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிப்பதாக இருக்க வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை உரிமையாளரையே அழுத்தச் சொல்லுங்கள். மின்சாரம் நின்றால் கருவி வேலை செய்கிறது. கருகிய பிளக் துளை, தொட்டால் சூடாக இருக்கும் சுவிட்ச் பலகை, எர்த் இல்லாத இணைப்பு ஆகியவற்றைக் கண்டால், தேர்ந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு வயர்களின் காப்புறையைக் கருவி வைத்துச் சோதிக்க வேண்டும். அடிக்கடி ஃப்யூஸ் போகிறது என்பதற்காகப் பெரிய ஃப்யூஸ் போட்டிருந்தால் அது தீ விபத்துக்குப் போட்ட அழைப்பு.

ஆவணங்களை விற்பவரின் வழக்கறிஞரே பார்த்துவிட்டார். அது போதுமா?

போதாது. உங்களிடம் கட்டணம் வாங்குபவர் உங்களுக்காகப் பார்க்க வேண்டும். விற்பவருக்கு முழு உரிமை உண்டா, சொத்தின் மேல் கடனோ வழக்கோ வேறு வில்லங்கமோ இருக்கிறதா, அனுமதி பெற்ற வரைபடமும் நிற்கும் கட்டடமும் ஒன்றுதானா, பத்திரத்திலுள்ள அளவும் அளந்து பார்த்த அளவும் பொருந்துகின்றனவா என்பவற்றை அவர் எழுத்தில் தர வேண்டும். பின்னால் சேர்த்துக் கட்டிய அறைகளுக்கு அனுமதி இல்லாமல் போவது மிக அடிக்கடி நடக்கிறது. அந்தச் சிக்கல் வீட்டோடு உங்களுக்கு வந்து சேரும்.

கடனைக் கூடுதலாக வாங்கிச் சேமிப்பை வைத்துக்கொள்வதா, சேமிப்பு முழுவதையும் போட்டுக் கடனைக் குறைப்பதா?

இரண்டின் கணக்கையும் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். ஆண்டுக்கு 8.5 சதவீத வட்டியில் 100 பங்கு கடன் வாங்கினால், 20 ஆண்டுகளில் மொத்தம் ஏறத்தாழ 208 பங்கு கட்டியிருப்பீர்கள். 15 ஆண்டுகளில் முடித்தால் 177 பங்கு. மாதத் தவணை ஏறத்தாழ 13 சதவீதம் மட்டுமே கூடுகிறது, வட்டியோ 108 பங்கிலிருந்து 77 ஆகக் குறைகிறது. 20 ஆண்டுக் கடனின் முதல் தவணையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் வட்டிக்கே போகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயினும், பழைய வீடு வாங்குவோர் கையிருப்பை முற்றிலும் துடைத்துக் கொடுத்துவிடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டின் விலையில் ஆண்டுக்கு 1 சதவீதம் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு. பழைய வீட்டின் முதல் ஆண்டில் அதைவிடக் கூடுதலாகவே ஆகலாம். மேலே சொன்ன சோதனைகளில் கண்ட குறைகளுக்கு ஒரு கொத்தனாரிடமும் பிளம்பரிடமும் மதிப்பீடு எழுதி வாங்கி, அதைக் காட்டி விலை பேசுங்கள். எழுத்தில் உள்ள தொகைக்கு இருக்கும் மதிப்பு வாய்ப்பேச்சுக்கு இல்லை.

குடிபோவதற்கு முன் எந்த வேலையை முதலில் முடிக்க வேண்டும்?

மேலிருந்து கீழாகவும் ஈரத்திலிருந்து உலர்வை நோக்கியும் செல்லுங்கள்: முதலில் கூரை, பிறகு குழாயும் வடிகாலும், அதன்பின் சுவரை வெட்டிச் செய்யும் மின்வேலை, பூச்சு, தரை, கடைசியில் பெயின்ட். பூச்சு முழுதும் உலருமுன் பெயின்ட் அடித்தால் செலவு இரண்டு மடங்கு ஆகும். எந்தச் சுவர் சுமை தாங்குகிறது என்று பொறியாளர் சொல்லாமல் ஒரு சுவரையும் இடிக்கக் கூடாது. மிகப் பழைய பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால், குழந்தைகள் உள்ள வீட்டில் அதை உலர்ந்த நிலையில் உரசித் தூசியாக்குவது பெருந்தவறு. ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் பழைய கல்நார்த் தகடுகளைத் துளையிடவோ உடைக்கவோ வேண்டாம்.

அறைகளை மாற்றியமைக்கும் பெரிய வேலைகளைச் சில மாதங்கள் குடியிருந்த பிறகு தொடங்குவது நல்லது. எந்த ஜன்னலில் காற்று வருகிறது, எந்த அறை பிற்பகலில் கொதிக்கிறது என்பதெல்லாம் குடியிருந்தால்தான் தெரியும்.

சாமான்களைக் கட்டும்போது கவனிக்க வேண்டியவை யாவை?

புத்தகங்களைச் சிறிய பெட்டியிலும் துணிகளைப் பெரிய பெட்டியிலும் போடுங்கள். பெட்டியின் மேல்பக்கத்தில் எழுதினால் அடுக்கிய பின் தெரியாது, பக்கவாட்டில் எழுதுங்கள். குளிர்பதனப் பெட்டியை முதல் நாளே அணைத்து, பனி உருகவிட்டு, நிமிர்த்தியே கொண்டு செல்லுங்கள். படுக்க வைக்க நேர்ந்தால் நிமிர்த்திச் சில மணி நேரம் கழித்தே இயக்குங்கள். முன்பக்கக் கதவுள்ள சலவை இயந்திரம் வாங்கியபோது தந்த போக்குவரத்துத் திருகாணிகளைத் தேடி எடுத்துப் பூட்டினால் உள்ளே உருளை அடிபடாது. தின்னர், பெட்ரோல் போன்றவை வண்டியில் ஏறக் கூடாது. பத்திரங்களும் நகைகளும் மருந்துகளும் உங்கள் கையோடு வர வேண்டும்.

புது வீட்டில் முதல் நாள் என்ன செய்வது?

தண்ணீரின் முதன்மை வால்வையும் மின்சாரத்தின் மெயின் சுவிட்சையும் வீட்டிலுள்ள அனைவருக்கும் காட்டி, அடைத்துத் திறக்கப் பழக்குங்கள். வெளிக்கதவின் பூட்டுகளை மாற்றுங்கள். பழைய சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று விற்றவருக்கே தெரிந்திருக்காது. மீட்டர்களின் எண்களைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். எரிவாயு இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். எரிவாயு வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ செய்யாமல், வால்வை அடைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்துவிடுங்கள்.

முதல் ஆண்டில் எதையாவது பதிவு செய்து வைக்க வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். முதல் கனமழை பெய்த அன்றே, வாங்கும் முன் சந்தேகப்பட்ட ஒவ்வோர் இடத்தையும் சென்று பார்த்துப் படம் எடுங்கள். மர நிலைகளிலும் சுவர் அடியிலும் கறையான் கட்டும் மண்குழாய்கள் தென்படுகின்றனவா என்று சில மாதங்களுக்கு ஒரு முறை பாருங்கள். வேலை செய்தவர், செய்த தேதி, பயன்படுத்திய பொருள், செலவு ஆகியவற்றை ஒரே நோட்டில் எழுதி வாருங்கள்.

குழாய்க்கோ வயருக்கோ சுவரை வெட்டினால், பூசி மூடுவதற்கு முன் அளவு நாடாவைச் சுவரோடு பிடித்து, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் உள்ள தூரம் தெளிவாகத் தெரியும்படி ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து, அறையின் பெயரிட்டுச் சேமித்து வையுங்கள். பின்னொரு நாள் அலமாரி மாட்டவோ படம் தொங்கவிடவோ துளை போடும்போது, குழாய் எங்கே போகிறது என்பதை அந்தப் படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.